ஜம்போ பையும் ஐந்து மில்லிமீட்டரும்

சுங்க அதிகாரி ஜம்போ பையின் வெட்டு ஓரத்திலிருந்து ஒரு டேப்பை, அதாவது பையை நெய்திருந்த பட்டைகளில் ஒன்றை, உருவி மேசைமேல் வைத்தார். இரும்பு ஸ்கேலை அதன் குறுக்கே வைத்துக் குனிந்து பார்த்தார். "மூணு மில்லிமீட்டர்கூட இல்லையே. எதை வச்சு இதை பிளாஸ்டிக்னு போட்டீங்க?" என்று கேட்டார்.

"பொருள் விவரத் தாளில் நூறு சதவீதம் பாலிப்ரோப்பிலீன்னு இருக்கு, சார்" என்றேன்.

"பாலிப்ரோப்பிலீன்தான். நான் அதைக் கேட்கல. அகலத்தைப் பார்த்தீங்களான்னு கேட்டேன்."

பார்க்கவில்லை. பையையே நான் அன்றுதான் முதல்முறையாகக் கையில் தொட்டேன். அதற்கு முன்பு காகிதத்தில் மட்டும் பார்த்து, காகிதத்திலேயே முடிவு செய்திருந்தேன்.

அப்போது நான் இறக்குமதி ஆவண வேலையில் சேர்ந்து இரண்டாவது வருடம். கனிமத் தூள்களை நிரப்பி அனுப்புவதற்காக எங்கள் நிறுவனம் காலி ஜம்போ பைகளை வரவழைத்திருந்தது. ஒரு டன் கொள்ளும் பை. நான்கு மூலையிலும் தூக்குவதற்கு லூப், மேலே நிரப்பும் வாய், கீழே கொட்டும் வாய். தொழில்நுட்பக் காகிதங்களில் எஃப்.ஐ.பி.சி. என்று இருக்கும், கிடங்கில் எல்லோருக்கும் அது ஜம்போ பேக்தான். விற்றவர் தன் இன்வாய்ஸில் 6305.32 என்ற எண்ணைப் போட்டிருந்தார். அது எச்.எஸ். எண், அதாவது சரக்குகளைச் சுங்கம் வகைப்படுத்தும் பன்னாட்டுப் பட்டியலின் எண்; முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம், முதல் நான்கு இலக்கம் தலைப்பு. 63ஆம் அத்தியாயம் என்றால் எனக்குத் தெரிந்தது போர்வையும் திரைச்சீலையும் பழைய துணியும்தான். பாலிப்ரோப்பிலீன் பை அங்கே எப்படிப் போகும் என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். விற்றவர் தெரியாமல் போட்டுவிட்டார் என்று தீர்மானித்து, எங்கள் பக்க ஆவணத்தில் 3923.29 என்று மாற்றி எழுதினேன். அது பிளாஸ்டிக் பைகளுக்கான எண். ஒரே சரக்கு, இரண்டு காகிதம், இரண்டு எண். கேள்வி வராமல் இருக்குமா?

கன்டெய்னர் ஒன்பது நாள் நின்றது. திருத்த மனு, விளக்கக் கடிதம், துறைமுகத் தாமதக் கட்டணம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இவற்றையெல்லாம்விட என்னை உறுத்தியது வேறு. பை வராததால் நிரப்பும் பிரிவில் வேலை நின்றுபோய், அங்கே இருந்தவர்கள் தினமும் போன் செய்து "இன்னிக்காவது வருமா?" என்று கேட்டார்கள். ஒரு எண்ணை எழுதுவதற்கு முன் பத்து நிமிடம் பையைப் பார்த்திருந்தால் இது நடந்திருக்காது.

அந்த ஒன்பது நாளில் எனக்குப் பாடம் சொல்லித் தந்தவர் எங்கள் சுங்க முகவர். முப்பது வருடத்துக்கு மேல் அந்த வேலையில் இருந்தவர். "தம்பி, எச்.எஸ். பட்டியல்ல சரக்கோட பேரைத் தேடாதே. குறிப்பை முதல்ல படி. ஒவ்வொரு பிரிவுக்கும் அத்தியாயத்துக்கும் முன்னாடி குறிப்புன்னு இருக்கு பாரு, சட்டம் அங்கதான் இருக்கு" என்றார். நான் அதுவரை குறிப்புகளைத் தாண்டி நேராக எண்களுக்குப் போய்க்கொண்டிருந்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

குறிப்புகள் சொல்வது இதுதான். துணி வகைகள் அத்தனையும் 11ஆம் பிரிவில், 50 முதல் 63 வரையான அத்தியாயங்களில் வருகின்றன. பிளாஸ்டிக் 39ஆம் அத்தியாயம். 39ஆம் அத்தியாயத்தின் 2ஆம் குறிப்பு, 11ஆம் பிரிவின் சரக்குகள் தனக்குள் வராது என்கிறது. 11ஆம் பிரிவின் 1ஆம் குறிப்போ, அகலம் 5 மில்லிமீட்டரைத் தாண்டும் பிளாஸ்டிக் பட்டைகள் தனக்குள் வராது என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கோடு எங்கே விழுகிறது என்பது தெரியும். ஒரே பாலிப்ரோப்பிலீனைப் படலமாக இழுத்து, நறுக்கி, நீட்டிப் பட்டையாக்குகிறார்கள். அந்தப் பட்டை 5 மில்லிமீட்டருக்கு உள்ளே இருந்தால் சுங்கத்தின் கண்ணில் அது செயற்கை இழை. 5404 என்ற தலைப்பில் நூலோடு சேர்ந்து உட்காருகிறது. அதைத் தறியில் நெய்தால் கிடைப்பது துணி, அந்தத் துணியைத் தைத்தால் துணிப்பை. மூலப்பொருள் பிளாஸ்டிக் என்பது இங்கே கணக்கில் வராது. பாலியெஸ்டர் சட்டையை யாரும் பிளாஸ்டிக் சட்டை என்று எழுதுவதில்லை அல்லவா? அதே நியாயம்தான்.

ஆகவே முதல் அளவு டேப்பின் அகலம். இதை அளப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நான் அதில் ஒருமுறை பதறிப்போயிருக்கிறேன்.

முதல் சம்பவத்துக்குப் பிறகு ஒவ்வொரு புதுப் பைக்கும் டேப்பை உருவி அளக்க ஆரம்பித்தேன். ஒரு வகைப் பையில் டேப் நீளவாக்கில் மடிந்திருந்தது. நெய்யும்போது இழுவிசையில் டேப் இப்படி மடிவது சாதாரணம். நான் அதை நகத்தால் விரித்து, ஸ்கேலில் தட்டையாக வைத்து அளந்தேன். ஐந்தரை வந்தது. இரண்டு முறை அளந்தும் அதேதான். இனி இது துணி இல்லை, எல்லா ஆவணத்தையும் மாற்ற வேண்டும் என்று முகவருக்குப் போன் செய்தேன். அவர் அமைதியாக, "விரிச்சு அளந்தியா, மடிச்சபடி அளந்தியா?" என்று கேட்டார். விரித்துத்தான் என்றேன். "அது தப்பு. துணிக்குள்ள எப்படி இருக்கோ அப்படியே அளக்கணும்."

சட்ட வாசகம் சொல்வது தோற்ற அகலம், அதாவது பார்வைக்குத் தெரியும் அகலம். எச்.எஸ். பட்டியலுக்கான விளக்கக் குறிப்புகள் அதை இன்னும் தெளிவாகச் சொல்கின்றன. மடிந்தோ, தட்டையாக அழுத்தப்பட்டோ, நசுங்கியோ, முறுக்கப்பட்டோ இருந்தால், அந்த நிலையில் உள்ள அகலம்தான் கணக்கு. ஒரே பட்டையில் இடத்துக்கு இடம் அகலம் மாறினால் சராசரியை எடுக்க வேண்டும். அதனால் இப்போது நான் செய்வது இதுதான். பையின் நான்கு பக்கங்களிலும் அடியிலும் இடம் தேர்ந்தெடுத்து, பாவிலும் (நீளவாக்கு இழை) ஊடையிலும் (குறுக்குவாக்கு இழை) தனித்தனியாகப் பத்துப் பத்து டேப்புகளை அளக்கிறேன். டேப்பை உருவுவதற்கு முன்பே, துணியில் கிடக்கும் நிலையில், அளவுக்கோடு பதித்த உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்க்கிறேன். உருவி எடுத்த டேப்பை வெர்னியர் தாடையில் இறுக்கிப் பிடித்தால் அது வளைந்து அளவு குறைத்துக் காட்டும். மெல்லத் தொடும் அளவுக்குத்தான் மூட வேண்டும். எண்களைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி, அளந்த இடத்தின் படத்தையும் வைக்கிறேன். பாவு டேப் ஒரு அகலமும் ஊடை டேப் வேறு அகலமுமாக வரும் பைகள் உண்டு. ஒரு திசையை மட்டும் அளந்துவிட்டு விட்டால் பாதி உண்மைதான் கையில் இருக்கும்.

நிஜமாகவே 5 மில்லிமீட்டரைத் தாண்டினால்? உடனே 3923 என்று எழுதிவிடக் கூடாது. இங்கே பலரும் தவறுகிறார்கள். அகலப் பட்டையைத் தனியாக, நெய்யாமல் விற்றால் அது 39. ஆனால் அதைக் கொண்டு நெய்த பொருள் 46ஆம் அத்தியாயத்துக்குப் போகிறது. பாயும் கூடையும் வரும் அத்தியாயம் அது. துணியாகக் கருதப்படாத அந்த நெசவைத் தைத்துச் செய்த பை 4602 என்ற தலைப்பில் போய் நிற்கும். ஜம்போ பைக்குப் பெரும்பாலும் குறுகிய டேப்பைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பதால் இது அடிக்கடி எதிர்ப்படாது. எதிர்ப்படும்போது தெரிந்திருக்க வேண்டும்.

இதைவிடச் சிக்கலானது பூச்சு. என் இரண்டாவது தவறு இங்கே நடந்தது. முதல் தவறைவிட இதை நான் அதிகம் நினைத்துப் பார்க்கிறேன். முதல் முறை எனக்கு எதுவும் தெரியாது. இரண்டாவது முறை தெரியும் என்ற நம்பிக்கையில் செய்தேன்.

எங்களிடம் ஈரம் படக் கூடாத ஒரு தூள் இருந்தது. அதற்காக வாங்கும் பிரிவு புதுவகைப் பையை வரவழைத்தது. டேப் அகலம் அளந்தேன், ஐந்துக்கு நன்றாகக் கீழே இருந்தது. 6305.32 என்று எழுதினேன். சரக்கு கேள்வியே இல்லாமல் வெளியே வந்தது. அதே பையை ஏழெட்டு முறை வாங்கினோம். ஒன்றரை வருடம் கழித்து, விடுவிப்புக்குப் பிந்தைய தணிக்கையில் கடிதம் வந்தது. வகைப்பாடு தவறு, வித்தியாசத் தீர்வையை வட்டியோடு கட்டுங்கள் என்று. மாதிரிப் பையை எடுத்து வந்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் புரிந்தது. உள்பக்கம் பாலிப்ரோப்பிலீன் கோட்டிங். வெளிப்பக்கம் அச்சிட்ட படலம் ஒட்டியிருந்தது. ஓரத்தை வெட்டிப் பார்த்தால் துணி நடுவிலும் பிளாஸ்டிக் இரண்டு பக்கத்திலும். அகலத்தை அளந்த நான், இரண்டு முகத்தையும் திருப்பிப் பார்க்கவில்லை.

59ஆம் அத்தியாயத்தின் 2ஆம் குறிப்பில் இதற்கான விதி இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் பிளாஸ்டிக் பூசிய துணி பொதுவாகத் துணியாகவே நிற்கும்; ரோலாக வந்தால் 5903, பையாகத் தைத்தால் 6305. துணி முழுவதும் பிளாஸ்டிக்குள் புதைந்திருந்தாலோ, இரண்டு பக்கமும் முழுமையாகப் பிளாஸ்டிக் பூசியோ மூடியோ இருந்தாலோ, அந்தப் பூச்சு வெறும் கண்ணுக்குத் தெரியும் பட்சத்தில், அது 39ஆம் அத்தியாயத்துக்குப் போய்விடும். பை 3923 ஆகும். பாலிப்ரோப்பிலீன் என்றால் 3923.29; எத்திலீன் பாலிமர் என்றால் 3923.21. நான் முதல்முறை தவறாக எழுதிய அதே எண், இந்தப் பைக்குச் சரியான எண்ணாக இருந்தது.

"வெறும் கண்ணுக்குத் தெரியும்" என்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: பூச்சினால் நிறம் மாறியிருப்பதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. வெள்ளைத் துணி பூச்சுக்குப் பிறகு நீலமாகத் தெரிகிறது என்பது சான்று ஆகாது. பூச்சு ஒரு அடுக்காகவே தெரிய வேண்டும். நான் பார்க்கும் முறை எளிமையானது. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், பூசாத நெசவில் டேப்புகள் குறுக்கிடும் இடங்களில் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரியும், பூசியதில் தெரியாது. அது பூச்சு உண்டு என்று சொல்லும், எந்தப் பக்கம் என்று சொல்லாது. அதனால் இரண்டு முகத்தையும் தனித்தனியாகச் சாய்த்துப் பார்த்து, வெட்டு ஓரத்தில் நகத்தால் சுரண்டி, படலம் உரிகிறதா என்று பார்க்கிறேன். ஒரு மூலையில் படலம் உரிந்தால் மீதியும் தெரிந்துவிடும். வெளியே எழுத்தும் படமும் மையால் மட்டும் அச்சடித்திருந்தால் அது முழுப் பூச்சு ஆகாது. அச்சிட்ட படலம் ஒட்டியிருந்தால் கதை வேறு. இரண்டும் தூரத்திலிருந்து ஒரே மாதிரி இருக்கும்.

விற்பவரின் விவரத் தாளை மட்டும் நம்பினால் இங்கே கால் இடறும். "கோட்டட்" என்று ஒரே சொல்லில் எழுதியிருப்பார்கள். உள்ளேயா, வெளியேயா, இரண்டிலுமா என்று இருக்காது. இப்போது நான் ஆர்டர் போடும்போதே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுகிறேன். பூச்சு எந்தப் பக்கம், எத்தனை ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), ஒட்டிய படலம் உண்டா, டேப் அகலம் பாவில் எவ்வளவு, ஊடையில் எவ்வளவு. சில விற்பனையாளர்களுக்கு இந்தக் கேள்வி எரிச்சலாக இருக்கிறது. பரவாயில்லை, கேட்கத்தான் வேண்டும்.

துணிப்பை என்று உறுதியான பிறகு 6305க்குள் எங்கே என்பது அவ்வளவு கடினமில்லை. சணல் போன்ற பட்டைநார்ப் பைகள் 6305.10, பருத்தி 6305.20, செயற்கை இழையில் ஜம்போ பை 6305.32, பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரோப்பிலீன் பட்டையில் நெய்த மற்ற பைகள் 6305.33, செயற்கை இழையில் மற்றவை 6305.39. பட்டியலில் 6305.31 இல்லாதது சிலரைக் குழப்பும். முன்பு 31 என்று ஒன்றே இருந்தது; 1996 திருத்தத்தில் ஜம்போ பைக்குத் தனி எண் கொடுத்து அதை 32, 33 என்று பிரித்தார்கள். பழைய கோப்புகளில் 31ஐப் பார்த்தால் அச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம்.

எது ஜம்போ பை, எது சாதாரண மூட்டைப் பை? விளக்கக் குறிப்பு, வழக்கமாக 250 கிலோ முதல் 3,000 கிலோ வரை கொள்ளும் என்றும், மேலே நான்கு மூலையில் தூக்கும் பட்டை இருக்கலாம் என்றும், நிரப்பவும் கொட்டவும் மேலும் கீழும் திறப்பு இருக்கலாம் என்றும், உலர்ந்த, ஓடக்கூடிய சரக்குக்குப் பொதுவாகப் பயன்படும் என்றும் சொல்கிறது. "இருக்கலாம்" என்பதைக் கவனியுங்கள். கீழே கொட்டும் வாய் இல்லாத தட்டையான அடியுள்ள பையும் ஜம்போ பைதான். 50 கிலோ அரிசி மூட்டை போன்றது 33. எனக்கு இதில் இதுவரை தகராறு வந்ததில்லை.

தகராறு வந்தது எதிர்பாராத இடத்திலிருந்து. அபாயகரமான சரக்குக்கான பைகளில் ஐக்கிய நாடுகள் விதிப்படி ஒரு குறியீடு அச்சிடுவார்கள். நெய்த பிளாஸ்டிக், பூச்சும் லைனரும் (பைக்குள் போடும் உறை) இல்லாதது என்றால் 13எச்1. பூச்சு மட்டும் என்றால் 13எச்2. லைனர் மட்டும் 13எச்3. இரண்டும் இருந்தால் 13எச்4. துணிப்பைக்கு 13எல் என்று தனி வரிசை. ஒரு முறை சரக்கைப் பரிசோதித்த அதிகாரி பையின் மேல் 13எச்3 என்று பார்த்துவிட்டு, "உங்க பையே தன்னை பிளாஸ்டிக்னு சொல்லுது, நீங்க துணின்னு போட்டிருக்கீங்க" என்றார். நியாயமான கேள்வி. அந்த விதிகளில் இழுத்து நீட்டிய பிளாஸ்டிக் டேப்பில் நெய்தது "நெய்த பிளாஸ்டிக்" என்ற வகையில் வருகிறது. அவர்களுக்கு முக்கியம் பை எவ்வளவு தாங்கும், எதற்குத் தாக்குப்பிடிக்கும் என்பது. சுங்கப் பட்டியலின் அளவுகோல் வேறு. ஒரே பை ஒரு புத்தகத்தில் பிளாஸ்டிக், இன்னொரு புத்தகத்தில் துணி. இரண்டும் சரி. இதை நான் அன்று 11ஆம் பிரிவின் குறிப்பைத் திறந்து காட்டி, டேப் அளவுத் தாளையும் கொடுத்து விளக்கினேன். அரை மணி நேரத்தில் முடிந்தது. அளவுத் தாள் கையில் இல்லாமல் இருந்திருந்தால் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பியிருப்பார்கள்.

நிலைமின்சார ஆபத்தை வைத்து ஜம்போ பைகளைப் பிரிக்கும் ஏ, பி, சி, டி வகைகளும் இப்படித்தான். சி வகைப் பையில் மின்கடத்தும் இழைகள் ஓடும், நிரப்பும்போது தரையிணைப்புக் கொடுக்க வேண்டும். உயிரைக் காக்கும் விஷயம் அது. ஆனால் அந்தச் சில இழைகளால் எண் மாறுவதில்லை.

லைனர் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். பைக்குள் பாலிஎத்திலீன் லைனர் தைத்தோ ஒட்டியோ வந்தால், எடையைத் தாங்குவதும் பைக்கு உருவம் தருவதும் வெளித்துணிதான். எச்.எஸ். பட்டியலின் பொது விளக்க விதி 3(ஆ)வின்படி அந்தத் துணி பைக்கு அதன் சாரமான தன்மையைத் தருகிறது என்று வாதிட்டு முழுதையும் 6305.32ல் வைக்கலாம். லைனர்கள் தனிக் கட்டாக, தனி எண்ணிக்கையில், மாற்று உபயோகத்துக்காக வந்தால் அவற்றை 3923.21ல் தனி வரியாக எழுதிவிடுகிறேன். பையின் பாகங்களும் அவ்வாறே தன் தன் இடத்துக்குப் போகும். பூசாத டேப் துணி ரோல் 5407.20. லூப்புக்கான குறுகிய நெசவுப் பட்டை, செயற்கை இழையில், 5806.32. தையல் நூல் 5401. பை தைக்கும் ஆலைக்கு எல்லாம் ஒரே கன்டெய்னரில் வருகிறது என்பதற்காக எல்லாவற்றையும் "பை" என்று ஒரே வரியில் எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன். செய்யாதீர்கள்.

சரக்கு நிரம்பி வரும் பையை என்ன செய்வது? பொது விளக்க விதி 5(ஆ) இதற்குத்தான். அந்தச் சரக்குக்கு வழக்கமாகப் பயன்படும் பொதி என்றால் பையைத் தனியாக வகைப்படுத்த வேண்டாம். உள்ளே இருக்கும் சரக்கோடு போகும். ஆனால் திரும்பத் திரும்பப் பயன்படுத்தத் தெளிவாக ஏற்றது என்றால் இந்த விதி கட்டாயமில்லை. ஜம்போ பையில் இந்த வேறுபாடு அச்சிலேயே இருக்கிறது. ஒரு முறை உபயோகத்துக்கான பைக்குப் பாதுகாப்பு விகிதம் 5:1, பல முறை உபயோகத்துக்கானதுக்கு 6:1 என்று லேபிளில் போடுவார்கள். 1,000 கிலோ பை 5:1 என்றால் சோதனையில் 5,000 கிலோ வரை தாங்கியிருக்க வேண்டும். எங்கள் ஒரு வாடிக்கையாளர் 6:1 பைகளைக் காலி செய்து திருப்பி அனுப்புவார். அவற்றை நாங்கள் போகும்போதே எண்ணி, தனியாக அறிவித்து, திரும்பி வரும்போது அந்தக் காகிதத்தைக் காட்டுகிறோம். போகும்போது எதுவும் எழுதாமல் விட்டால், திரும்பி வரும் பழைய பை புது இறக்குமதி போலத் தெரியும்.

ஆறு இலக்கம் வரைதான் உலகம் முழுவதும் ஒன்று. 1983ல் பிரஸ்ஸல்ஸில் கையெழுத்தாகி 1988 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் அதைத்தான் பொதுவாக்குகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு நாடும் தன் இலக்கங்களைச் சேர்க்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 6305 32 என்பது பாலிஎத்திலீன், பாலிப்ரோப்பிலீன் பட்டையில் பின்னியது, மற்றது, வேறு பொருளில் ஆனது என்று 11, 19, 90 எனப் பிரிகிறது. இந்தியாவில் 6305 32 00 என்று ஒரே வரி. விற்பவர் அனுப்பும் எட்டு அல்லது பத்து இலக்கத்தை அப்படியே நகலெடுத்துப் போடுவது ஆபத்து. ஆறு வரை ஒப்பிட்டுவிட்டு மீதியை இறக்குமதி நாட்டின் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். அப்புறம், தலைப்பு மாறினால் தீர்வை மட்டும் மாறுவதில்லை. பல வர்த்தக ஒப்பந்தங்களில் தோற்ற விதி, அதாவது சரக்கு எந்த நாட்டுப் பொருள் என்று தீர்மானிக்கும் விதி, 39க்கு ஒன்றாகவும் 63க்கு வேறாகவும் இருக்கிறது. துணிப் பொருளுக்கு, எந்த நாட்டில் நெய்தது, எந்த நாட்டில் தைத்தது என்று கேட்பார்கள். தவறான எண்ணில் வாங்கிய தோற்றச் சான்றிதழ், எண்ணைத் திருத்தும்போது பயனற்றுப் போகலாம். எங்கள் தணிக்கைக் கடிதத்தில் வலித்த பகுதி அதுதான்.

அந்தக் கடிதத்துக்குப் பிறகு நாங்கள் முன்கூட்டியே தீர்ப்பு கேட்கப் பழகினோம். உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக எளிமையாக்க ஒப்பந்தம் 2017 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 3ஆம் பிரிவு முன்தீர்ப்பு பற்றியது. சரக்கு கிளம்புவதற்கு முன்பே சுங்கத்திடம் எழுதிக் கேட்கலாம், அவர்கள் தரும் பதில் அவர்களையே கட்டுப்படுத்தும். விண்ணப்பத்தில் நல்ல விவரம் கொடுத்தால்தான் நல்ல பதில் கிடைக்கும். "பி.பி. ஜம்போ பை" என்று எழுதினால் கேள்விகள்தான் திரும்பி வரும். இன்வாய்ஸில் நான் இப்போது இப்படி எழுதச் சொல்கிறேன்: "பாலிப்ரோப்பிலீன் டேப்பில் நெய்த துணியால் தைத்த எஃப்.ஐ.பி.சி., டேப்பின் தோற்ற அகலம் 5 மி.மீ.க்குக் கீழ், உள்பக்கம் மட்டும் பூச்சு, நான்கு லூப், கொள்ளளவு 1,000 கிலோ, 5:1." நீளம்தான். ஆனால் சுங்கம் கேட்கக்கூடிய கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த ஒரு வரியிலேயே பதில் இருக்கிறது.

ஒவ்வொரு பை வகைக்கும் ஒரு கோப்பு வைத்திருக்கிறேன். அதில் உள்ளங்கை அளவு துணித் துண்டு, ஒரு ஓரம் பூச்சு தெரிய உரித்தது, பாவிலிருந்தும் ஊடையிலிருந்தும் உருவிய டேப்புகள், அளவுத் தாள், விற்பவரின் எழுத்து உறுதி, லேபிளின் படம். வேறு ஆலைக்கு மாறினால், பெயர் அதேயானாலும், புதுக் கோப்பு. ஆலை மாறினால் டேப்பும் மாறும் என்பதை இரண்டு முறை பார்த்துவிட்டேன். 2028 ஜனவரி 1 அன்று எச்.எஸ்.ஸின் அடுத்த பதிப்பு வருகிறது. அதற்கு முன் எல்லாக் கோப்பையும் ஒருமுறை திறந்து குறிப்புகளோடு ஒப்பிட வேண்டும்.

இப்போது மேசையில் ஒரு புதுப் பை கிடக்கிறது. உள்ளே முழுப் பூச்சு. வெளியே படலம் இரண்டு பக்கங்களில் மட்டும் ஒட்டியிருக்கிறது, மற்ற இரண்டு பக்கமும் அடியும் வெறும் நெசவு. வாங்கும் பிரிவு எண் கேட்டு இரண்டு முறை அனுப்பிவிட்டது. நான் எந்த எண்ணும் கொடுக்கவில்லை. ஐந்து பரப்பிலிருந்தும் துண்டு வெட்டி, ஒவ்வொன்றிலும் "உள்", "வெளி" என்று குறித்து, முன்தீர்ப்பு விண்ணப்பத்தோடு நேற்று அனுப்பியிருக்கிறேன். பதில் வரும்வரை ஆர்டரை நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.